கேமராவிடம் பொய் சொல்லும் கார்டு

2007 அக்டோபரில் ஐ-ஃபை என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் 2 ஜிபி மெமரி கார்டு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை ஏறத்தாழ 100 டாலர். அதே கொள்ளளவுள்ள சாதாரண எஸ்டி கார்டு அன்று இதைவிடப் பல மடங்கு மலிவு. ஆனாலும் வாங்க ஆள் இருந்தது. இந்தக் கார்டைச் செருகிப் படம் பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கேமராவை ஆன் செய்தால் போதும். கேபிள் தேட வேண்டாம், கார்டைக் கழற்ற வேண்டாம். வீட்டு வைஃபையை அதுவாகவே பிடித்து, படங்களைக் கணினிக்கும் இணைய ஆல்பத்துக்கும் அனுப்பிவிடும்.

வைஃபை என்றால் என்னவென்றே தெரியாத கேமராவிலும் இது வேலை செய்தது என்பதுதான் விசேஷம். எஸ்டி கார்டின் அளவு 32 மில்லிமீட்டர் நீளம், 24 அகலம், 2.1 கனம். அதற்குள் நினைவகம், ஒரு செயலி, வானொலி அலைகளை அனுப்பிப் பெறும் சிப், ஆன்டெனா எல்லாவற்றையும் அடக்கியிருந்தார்கள். மின்சாரம் கேமராவின் பேட்டரியிலிருந்து. கேமரா மட்டும் தன் வயிற்றில் கிடப்பது வெறும் மெமரி கார்டு என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தது.

கேமராவை இப்படி ஏமாற்ற முடிந்ததற்குக் காரணம் ஐ-ஃபையின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. எல்லா மெமரி கார்டுமே பிறவியிலேயே அப்படித்தான். கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமின் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்கிற கேமரா, “5000ஆம் எண் கட்டில் இதை வை” என்று 512 பைட் கொண்ட ஒரு கட்டை நீட்டுகிறது. உள்ளே இருக்கும் குமாஸ்தா வாங்கிக்கொண்டு, “வைத்தாயிற்று” என்கிறார். மறுநாள் அதே எண்ணைக் கேட்டால் அதே கட்டு வருகிறது. நடுவில் அது எந்த அலமாரியில் இருந்தது, எத்தனை முறை இடம் மாறியது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஜன்னலைத் தாண்டி எட்டிப் பார்க்க வழியும் கிடையாது.

குமாஸ்தா இடத்தை மாற்றாமல் இருக்கவும் முடியாது. ஃப்ளாஷ் நினைவகத்தின் இயற்பியல் அப்படி.

செல் எனப்படும் அதன் அடிப்படை அலகு ஒரு டிரான்சிஸ்டர். அதனுள்ளே நாலாபுறமும் மின்காப்பால் மூடப்பட்டு, எதனோடும் இணையாமல், ஒரு நுண்ணிய துண்டு இருக்கும். மின்னழுத்தத்தை வேண்டிய அளவு உயர்த்தினால் எலக்ட்ரான்கள், குவாண்டம் இயற்பியல் மட்டுமே அனுமதிக்கும் ஒரு குறுக்கு வழியில், காப்பைக் கடந்து அந்தத் துண்டுக்குள் போய்ச் சேரும். மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் வெளியே வர வழி இல்லாமல் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்பதுதான் பூச்சியமும் ஒன்றும். இந்த யோசனையை 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸீ இருவரும் முன்வைத்தார்கள். அதை வேகமாக, மொத்தம் மொத்தமாக அழித்து எழுதக்கூடிய மலிவான நினைவகமாக மாற்றியவர் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. 1984இல் அவர் முதல் ஃப்ளாஷ் நினைவகத்தை அறிவித்தார். இன்று கார்டுகளிலும் போன்களிலும் இருக்கும் நாண்ட் வகை 1987இல் வந்தது.

மலிவுக்கு விலை உண்டு. நாண்ட் நினைவகத்தில் ஒரு பைட்டை மட்டும் தனியாக அழிக்க முடியாது. பக்கம் பக்கமாக எழுதலாம். அழிப்பதென்றால் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். எலக்ட்ரான் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் காப்புப் படலம் கொஞ்சம் தேய்கிறது. ஒரு செல்லில் ஒரே ஒரு பிட் வைத்த காலத்தில் லட்சம் முறை வரை அழித்து எழுதலாம் என்று இருந்தது. கொள்ளளவைப் பெருக்குவதற்காக ஒரே செல்லில் எலக்ட்ரானின் அளவை எட்டுப் படிகளாகப் பிரித்து மூன்று பிட், பதினாறு படிகளாகப் பிரித்து நான்கு பிட் என்று திணிக்கத் தொடங்கியதும் இந்தக் கணக்கு ஆயிரங்களுக்கும் அதற்குக் கீழும் இறங்கிவிட்டது. படிகள் நெருங்க நெருங்க, சில எலக்ட்ரான்கள் கசிந்தாலே நான்கை மூன்று என்று படித்துவிடும் ஆபத்தும் கூடியது. போதாதென்று, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒவ்வொரு சிப்பிலும் கெட்டுப்போன தொகுதிகள் சில இருக்கும்.

இந்த நம்பகமில்லாத சரக்கைத்தான் நம்பகமானதுபோல் கார்டு காட்ட வேண்டும். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஃபைல் அட்டவணையைத் திருத்துகிறது. அந்த அட்டவணை இருப்பது எப்போதும் அதே எண்ணுள்ள கட்டுகளில். சொன்ன இடத்திலேயே எழுதினால் மிச்ச இடமெல்லாம் புதிதாக இருக்க, அந்த இடம் மட்டும் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதி, எந்த எண் எங்கே போயிற்று என்று ஒரு ரகசியக் கணக்கு வைத்துக்கொள்கிறது. கெட்ட தொகுதிகளை ஒதுக்குகிறது. பிழையான பிட்டுகளைக் கணிதத்தால் கண்டுபிடித்துத் திருத்துகிறது. கேமராவிடம் மட்டும், “சொன்ன இடத்திலேயே வைத்திருக்கிறேன்” என்று சாதிக்கிறது. வள்ளுவரே விலக்குக் கொடுத்த வகைப் பொய் இது.

மேட்சுஷிட்டா, சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் கூட்டாக உருவாக்கிய எஸ்டி கார்டு, 2000இல் 32, 64 எம்பி என்ற அளவுகளில்தான் ஆரம்பித்தது. 2019இல் விரல் நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்டியிலேயே 1 டிபி வந்துவிட்டது. முப்பதாயிரம் மடங்கு. இடையில் செல்கள் தரையில் பரவுவதை விட்டு மாடி மாடியாக எழும்பத் தொடங்கின. இப்போது இருநூறு அடுக்குக்கு மேல் போய்விட்டது. உள்ளே இவ்வளவு மாறியும் வெளியே ஜன்னல் மாறவில்லை. மாறாத அந்த ஜன்னல்தான் கார்டின் பலம்.

ஸ்லாட்டுக்குள் நினைவகத்தைத் தவிர வேறு எதையாவது செருகலாமே என்ற ஆசை ஐ-ஃபைக்கு முன்பே இருந்தது. 1999இல் வந்த ஹேண்ட்ஸ்பிரிங் வைஸர் என்ற கையடக்கக் கருவியின் முதுகில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் கேமராவைப் பொருத்தலாம், செல்போனையே ஒரு பெட்டியாகப் பொருத்தலாம். பிறகு எஸ்டி ஸ்லாட்டிலேயே வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ், கேமரா என்று செருக எஸ்டிஐஓ என்ற தரம் வந்தது. பாம், பாக்கெட் பிசி என்ற கையடக்கக் கருவிகளை வைத்திருந்தவர்கள் கொஞ்ச காலம் இவற்றை வாங்கினார்கள். இவை நேர்மையான கார்டுகள். “நான் வைஃபை கார்டு” என்று உண்மையைச் சொல்லும். சொன்னதுதான் வம்பு. வைஃபை கார்டு என்றால் அதை இயக்கத் தெரிந்த டிரைவர் மென்பொருள் கருவியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு டிரைவர் யார் எழுதுவது? கேமராக்களில் டிரைவர் ஏற்றவே வழி கிடையாது. கருவிகளின் வாழ்நாளும் குறைவு; இரண்டு வருடத்தில் அடுத்தது வந்துவிடும். நேர்மையான வழி இப்படித்தான் தேய்ந்துபோனது.

ஐ-ஃபை பிழைத்ததற்குக் காரணம் அது உண்மையைச் சொல்லாததுதான். கேமரா எழுதும்போது சாதுவாக வாங்கி வைத்துக்கொள்ளும். எழுதி முடித்ததும், தன்னிடம் இருக்கும் ஃபைல் அட்டவணையைத் தானே படித்து, புதிதாக வந்த படங்கள் எவை என்று கண்டுபிடித்து அனுப்பத் தொடங்கும். ரெக்கார்டு ரூம் குமாஸ்தா கட்டைப் பிரித்துப் படித்து நகலெடுத்துத் தபாலில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். டிரைவருக்கு அங்கே வேலையே இல்லை.

சிக்கல்கள் வேறு பக்கமிருந்து வந்தன. சில நிமிடம் யாரும் தொடாவிட்டால் கேமரா தூங்கிவிடும். கார்டுக்குப் போகிற மின்சாரமும் நின்றுவிடும், படம் பாதியில் நிற்கும். உலோக உடம்புள்ள கேமராக்கள் அலையை விழுங்கின. கார்டு ஸ்லாட்டுக்கென்று ஒதுக்கிய மின்னோட்டத்துக்குள்ளேயே ஒரு வைஃபை ரேடியோவை ஓட்ட வேண்டியிருந்தது. கடைசியில் கேமரா நிறுவனங்களே இறங்கிவந்து, உள்ளே ஐ-ஃபை கார்டு இருந்தால் அது அனுப்பி முடிக்கும்வரை தூங்காமல் இருக்கும் வசதியைச் சில மாடல்களில் சேர்த்தன.

2008இல் இதிலேயே இன்னொரு வித்தையும் வந்தது. ஜிபிஎஸ் இல்லாமலே படம் எடுத்த இடத்தைக் குறிப்பது. படம் பதிவாகும்போது அக்கம்பக்கத்தில் எந்தெந்த வைஃபை ரவுட்டர்களின் குரல் கேட்கிறது என்று கார்டு குறித்துவைத்துக்கொள்ளும். பிறகு ஸ்கைஹூக் என்ற நிறுவனம் ஊர் ஊராக வண்டி ஓட்டிச் சேகரித்த ரவுட்டர் வரைபடத்தோடு ஒப்பிட்டு இடம் கண்டுபிடிக்கப்படும். திருடுபோன ஒரு கேமரா எங்கோ திறந்து கிடந்த வைஃபையைப் பிடித்து, திருடர்களின் படத்தையே உரிமையாளருக்கு அனுப்பிவைத்த செய்தியும் அதே வருடம் அமெரிக்காவில் அடிபட்டது. திருடர்களும் கேமராவைப் போலவே அதை வெறும் கார்டு என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

கூடுதல் சேமிப்பும் கம்பியில்லா இணைப்பும் உண்மையில் ஒன்றையொன்று தொட்ட இடம், 2010இல் ஐ-ஃபை கொண்டுவந்த ‘முடிவில்லா நினைவகம்’ என்ற வசதி. அனுப்பி முடித்த பழைய படங்களைக் கார்டே அழித்து இடம் பண்ணும். கேட்பதற்குச் சுகம். ஆனால் ஒரே அட்டவணைக்கு இப்போது இரண்டு எஜமானர்கள். எவ்வளவு இடம் காலி என்று கேமரா ஒரு கணக்கைத் தன் மூளையில் வைத்திருக்க, கார்டு அதன் காலடியில் கணக்கையே மாற்றுகிறது. ஃபைல் அட்டவணைகள் ஒருவர் மட்டுமே எழுதுவார் என்று நம்பி வடிவமைக்கப்பட்டவை. சேமிப்பு விஷயத்தில் பழமைவாதியாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி. இந்த வசதியை நான் அணைத்தே வைத்திருப்பேன்.

ஐ-ஃபையின் முடிவு வேறொரு கோணத்தில் வந்தது. கார்டைத் தயார்ப்படுத்தவும் அமைப்புகளை மாற்றவும் நிறுவனத்தின் சர்வரோடு பேச வேண்டியிருந்தது. 2016இல் அந்தச் சேவை ரிக்கோ நிறுவனத்தின் கைக்குப் போன சமயத்தில், பழைய கார்டுகளுக்கான ஆதரவு செப்டம்பரோடு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. நினைவகம் நன்றாக இருந்தது, ரேடியோ நன்றாக இருந்தது. தொலைவில் ஒரு கணினி பதில் சொல்வதை நிறுத்தப்போகிறது என்பதற்காக, கைக்காசு கொடுத்து வாங்கிய பொருள் காலாவதி ஆயிற்று. அன்று கோபப்பட்டவர்கள் எல்லாரும் கோபப்பட்டது சரி என்றே நினைக்கிறேன். 2000ஆம் வருடத்து 32 எம்பி கார்டு சாகாமல் இருந்தால் இன்றைய ரீடரில் செருகினாலும் படிக்கும். யாருடைய அனுமதியும் அதற்குத் தேவையில்லை.

தோஷிபா 2012இல் விற்பனைக்கு விட்ட ஃப்ளாஷ்ஏர் இந்தத் தவறைச் செய்யவில்லை. அந்தக் கார்டே ஒரு வைஃபை மையமாக நிற்கும். போனில் அதன் பெயரைத் தேர்ந்து, பிரவுசரைத் திறந்தால் படங்கள் வரும், இணையமே வேண்டாம். கார்டுக்குள் ஓடும் சின்னச் சின்ன நிரல்களை நாமே எழுதி வைக்கவும் பின்னால் இடம் கொடுத்தார்கள். எஸ்டி ஸ்லாட் உள்ள எந்தக் கருவிக்கும் வைஃபை கொடுக்கலாம் என்று ஆனதும் கேமராவுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் அதைத் தேடி வந்தார்கள். முப்பரிமாண அச்சுப்பொறிக்கு வரைபடம் அனுப்ப வைத்துக்கொண்டார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிற நோய்க்கு முகமூடி வழியாகக் காற்றுச் செலுத்தும் கருவிகள் உண்டு. அவை இரவு முழுவதும் எஸ்டி கார்டில் தகவல் பதிக்கும். நோயாளிகள் சிலர் அந்தக் கருவியில் வைஃபை கார்டைச் செருகி, காலையில் கார்டைக் கழற்றாமலே தங்கள் மூச்சின் கணக்கைக் கணினியில் பார்த்துக்கொண்டார்கள். கருவியைத் தயாரித்தவர்கள் நினைத்தே பார்த்திராத பயன்.

ஜன்னலுக்கு உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பது நல்லவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி இல்லை. 2013 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் மாநாட்டில் ஆண்ட்ரூ ஹுவாங், ஷான் கிராஸ் என்ற இரண்டு பொறியாளர்கள், ஒரு வகை மெமரி கார்டின் கன்ட்ரோலருக்குள் தங்கள் சொந்த நிரலை ஏற்றி ஓட்டிக் காட்டினார்கள். அதனுள் இருந்தது 8051 குடும்பத்துச் செயலி. இன்டெல் 1980இல் கொண்டுவந்த அதே 8051. நம்மூர்ப் பொறியியல் கல்லூரி லேப்களில் மாணவர்கள் விளக்கை எரியவிட்டு அணைத்துப் பழகுகிற அதே சிப். ஏன் இப்படித் திறந்து கிடக்கிறது என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம் சுவையானது. ஒவ்வொரு ஃப்ளாஷ் சிப்பையும் வெளியே வைத்து முழுதாகச் சோதிப்பதைவிட, ஒரு சிறு செயலியை உள்ளே போட்டு அதையே சமாளிக்கச் சொல்வது மலிவு. கிடைக்கிற சரக்கின் தரத்துக்கு ஏற்ப அதன் நிரலை ஆலையில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு வைத்த வாசலைப் பூட்டுவதற்குத்தான் யாரும் மெனக்கெடவில்லை.

போலி கார்டுகளின் வாசலும் அதுவே. உள்ளே 16 ஜிபி சிப். கன்ட்ரோலரிடம், “கேட்டால் 512 என்று சொல்” என்று கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். போனில் செருகினால் 512 என்றே காட்டும். முதல் 16 ஜிபி வரை எந்தக் குறையும் தெரியாது. அதற்குப் பிறகு எழுதுவதைக் கார்டு காற்றில் விடும், அல்லது பழையதன் மேலேயே எழுதும். கொடுமை என்னவென்றால் ஃபைல் அட்டவணை இருப்பது ஆரம்பப் பகுதியில். அதனால் படத்தின் பெயர் இருக்கும், தேதி இருக்கும், அளவும் இருக்கும். திறந்தால் மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம், அல்லது ஒன்றுமே இல்லை. கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு இதைவிட மோசமான நாள் வர முடியாது.

செல்போன் கடைகளில் காசு கொடுத்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்ட காலத்தில் நம் ஊர்களில் மலிவுக் கார்டுகள் ஏராளமாகப் புழங்கின. 2 ஜிபி, 4 ஜிபி கார்டில் இளையராஜா ஹிட்ஸ் ஏற்றும்போது குட்டு வெளிப்படவே வெளிப்படாது, நிரம்பினால்தானே தெரியும்! ஆகவே சோதிக்க ஒரே வழி நிரப்பிப் பார்ப்பதுதான். கார்டு முழுக்க அறியப்பட்ட தரவை எழுதி, பிறகு முதலிலிருந்து படித்து ஒப்பிட வேண்டும். ஜெர்மனியின் சி'ட் கணினிப் பத்திரிகை இதற்கென்று வெளியிட்ட ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இன்றும் பலருக்குத் துணை. பெரிய கார்டானால் மணிக்கணக்கில் ஓடும். ஓடட்டும். 64 ஜிபி கார்டைக் கணினியில் போட்டால் 59.6 என்று காட்டுவதை மட்டும் மோசடியாக எண்ண வேண்டாம். விற்பவர் ஆயிரத்தின் பெருக்கங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் பெருக்கங்களில் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

போனில் செருகுவதற்கு வாங்குகிறவர்கள் கார்டின் மேல் அச்சிட்ட பெரிய வேக எண்ணைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. கிளாஸ் 10, யு3, வி30 போன்ற குறிகள் வீடியோபோல் நீளமாக, வரிசையாக எழுதும் வேகத்துக்கானவை. நொடிக்கு முறையே 10, 30, 30 எம்பிக்குக் குறையாது என்ற உறுதி. போனில் ஓடும் ஆப்களோ இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று சிதறலாகப் படித்து எழுதும். அதற்கு ஏ1, ஏ2 என்ற குறிகள். ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 சிதறல் வாசிப்புகள், 500 எழுதுதல்கள். ஏ2 என்றால் 4000, 2000. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, கார்டையே உள் நினைவகத்தின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளும் வசதியைக் கொடுத்தபோது, மெதுவான கார்டைப் போட்டுவிட்டுப் போனைத் திட்டியவர்கள் நிறைய. கண்காணிப்புக் கேமராவும் கார் டேஷ்கேமும் வேறு ரகம். இடைவிடாமல் எழுதி எழுதி அழிக்கும் அந்த வேலைக்கு, தேய்மானம் தாங்கும் என்று சொல்லி விற்கப்படும் கார்டை வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

போன்களிலிருந்து ஸ்லாட்டே மறைந்துகொண்டிருக்கிறது. ஐபோனில் அது எப்போதும் இருந்ததில்லை. சாம்சங் கேலக்ஸி எஸ்6இல் 2015இல் எடுத்தார்கள், எதிர்ப்பைப் பார்த்து அடுத்த வருடம் திருப்பிக் கொடுத்தார்கள், 2021இல் எஸ்21இலிருந்து மறுபடி எடுத்துவிட்டார்கள். இடம் மிச்சம், உள் நினைவகம் வேகமானது என்று காரணங்கள் சொல்வார்கள். அவை பொய்யில்லை. 128 ஜிபி மாடலுக்கும் 512 ஜிபி மாடலுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தையும் அதே அளவு கார்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல்லாத காரணமும் தெரியும்.

கேமராக்களில் ஸ்லாட் இருக்கிறது. வைஃபை கார்டுக்குத்தான் வேலை போய்விட்டது. வைஃபையும் புளூடூத்தும் கேமராவுக்குள்ளேயே வந்துவிட்டன. 2016இல் நிக்கான் கொண்டுவந்த ஸ்நாப்பிரிட்ஜ் போன்ற ஏற்பாடுகளில், மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத் போனோடு எப்போதும் தொடர்பை வைத்துக்கொண்டு சிறிய நகல்களை அனுப்புகிறது. பெரிய படமோ வீடியோவோ போக வேண்டுமென்றால் மட்டும் வைஃபை எழுப்பப்படுகிறது. கேமரா தூங்கும்போதும் தொடர்பு அறுவதில்லை. கார்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஐ-ஃபையால் தீர்க்க முடியாத சிக்கல் இது.

கார்டின் ஜன்னலும் இப்போதுதான் முதல்முறையாக மாறுகிறது. 2018இல் அறிவிக்கப்பட்ட எஸ்டி எக்ஸ்பிரஸ், கணினிகளுக்குள் எஸ்எஸ்டி பேசும் அதே பிசிஐ எக்ஸ்பிரஸ் மொழியில் பேசுகிறது. வேகம் நொடிக்கு நூற்றுக்கணக்கான எம்பியாகத் தாவிவிட்டது. 2025இல் வந்த நின்டென்டோ சுவிட்ச் 2 தன் விளையாட்டுகளுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டை மட்டுமே ஏற்கிறது. பழைய கார்டில் விளையாட்டைச் சேமிக்க விடாது. ஆனால் பிசிஐ எக்ஸ்பிரஸில் இணைந்த பொருள், கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்க வேண்டியதில்லை. மையச் செயலியைக் கேட்காமல் கருவியின் முதன்மை நினைவகத்தை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் அதற்கு வழி உண்டு. வேகத்தின் ரகசியமே அதுதான். கார்டுக்குள் இருக்கும் நிரலை மாற்ற முடியும் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்த பாதுகாப்பு ஆய்வாளர்கள், கேமராவிலோ மடிக்கணினியிலோ செருகும் ஒரு கார்டு அதன் நினைவகத்திலிருந்து கடவுச்சொல்லை உருவும் சாத்தியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். தடுக்க வழி இல்லாமல் இல்லை. எந்தப் பொருள் நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஐஓஎம்எம்யூ என்ற சுற்று கணினிச் செயலிகளில் ஏற்கெனவே இருக்கிறது. புதிய ஸ்லாட்டோடு வரும் கேமராக்களிலும் கையடக்கக் கருவிகளிலும் அதைச் சேர்த்திருக்கிறார்களா, சேர்த்தாலும் இயக்கி வைத்திருக்கிறார்களா என்பதை ஒவ்வொரு மாடலாகத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.